இதற்கு நேர்மாறாக, என் அப்பா

தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்ததும் சிலருக்கு மூளை வேலை செய்வதை நிறுத்திவிடும். என் மூளை அப்படியல்ல. அது மும்முரமாக வேலை செய்யும். என்ன, கேட்ட வேலையைச் செய்யாது.

அப்போது மலேசியாவின் கிள்ளானில், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. செமினியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த தமிழ் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ட்ரையல்ல ஏ எடு. அப்பதான் ஆசிரியர் பயிற்சிக்கு உன் பேரைச் சொல்லுவேன்." மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாளில் எழுதும் அந்த முன்னோட்டத் தேர்வை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். (நினைக்காவிட்டாலும் போய்விடும்.)

என் பயத்தைப் பார்த்து டியூஷன் சார் ஒரு வழி சொன்னார். "கட்டுரைக்கு இணைப்புச் சொல்தான்மா உயிர். முதல்ல எலும்பை நிறுத்து, அப்புறம் சதையை ஒட்டு." அதாவது, ஒவ்வொரு பத்தியின் தலையிலும் பொருத்தமான இணைப்புச் சொல்லைப் பேனாவால் எழுதி, கீழே இடம் விட்டு, பிறகு நிரப்ப வேண்டும். 'கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்' கட்டாயம் வரும் என்றும் அடித்துச் சொன்னார். அதையே எழுதி எழுதிக் கை வீங்கியது.

தேர்வன்று மணி அடித்ததும் கேள்வியைப் படிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. முதலாவதாக, அதுமட்டுமின்றி, இதற்கு நேர்மாறாக, இதன் விளைவாக, இருப்பினும், ஆகவே. முத்து முத்தாக எலும்புகளை நிறுத்திவிட்டு, பெருமூச்சு விட்டு, வினாத்தாளைத் திருப்பினேன்.

கைத்தொலைபேசியைக் காணோம்! இருந்த தலைப்புகளில் எனக்கு ஏதாவது தெரிந்தது ஒன்றுதான்: 'என் வாழ்வில் பெற்றோர்'.

ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணவரும் கேட்கிறார். அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் பறந்துவிடும் என்று பயமுறுத்தியே எங்களை வளர்த்திருந்தார்கள். முதலாவதாக, அம்மா விடியுமுன் எழுந்து சமைக்கிறார். அதுமட்டுமின்றி, அக்கம்பக்கத்தாருக்குத் துணியும் தைக்கிறார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பத்தியின் தலையில் 'இதற்கு நேர்மாறாக' என்னை முறைத்துக்கொண்டு நின்றது.

அம்மாவுக்கு நேர்மாறாகக் காட்ட வீட்டில் மிச்சமிருந்த ஆள் அப்பா மட்டும்தான்.

பக்கத்து ஊரான மேருவில் லோரி ஓட்டும் அப்பா. வேலை முடிந்த களைப்போடு டியூஷன் வாசலில் கொசுக்கடியில் எனக்காகக் காத்திருக்கும் அப்பா. அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதினேன்: 'இதற்கு நேர்மாறாக, என் தந்தை எங்களைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. இதன் விளைவாக, ஒருநாள் எங்களைத் தவிக்க விட்டுவிட்டு ஓடிப்போனார். இருப்பினும், அம்மா கலங்கவில்லை.' 'ஆகவே' வருவதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. (கண்காணிக்க வந்த ஆசிரியர் டிஷ்யூ கொடுத்தார்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சன்னல் வழியாகப் பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர்! ஒரு கையில் அரிசிப் பை, மறு கையில் ஆரஞ்சு. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பழைய காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நான் தர்ஷினியோட தமிழ் டீச்சர். அவங்க அம்மா இருக்காங்களா? நீங்க பக்கத்து வீடா?"

"இதே வீடுதான் டீச்சர். நான் அவ அப்பா."

டீச்சர் ஓர் அடி பின்னால் போனார். "நீங்க… எப்ப திரும்பி வந்தீங்க?"

"இப்பதான் லா. ரொட்டி வாங்கப் போயிருந்தேன்."

பிறகு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. டீச்சர் தோள்பையிலிருந்து விடைத்தாளை எடுத்து நீட்டினார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி!" என்று வாயில் கை வைத்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கடைசியில் தலையை நிமிர்த்தினார். "டீச்சர், இதுக்கு என்னா மார்க்கு?"

"ஏ போட்டிருக்கேன் அங்கிள். படிச்சிட்டு அழுதுட்டேன். ஆனா இப்ப…"

"கட்டுரைதானே டீச்சர். நான் ஓடிப்போனதாவே இருக்கட்டும். மார்க்கை மட்டும் மாத்தாதீங்க லா."

டீச்சர் மாற்றவில்லை. அரிசியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அன்று மத்தியானம், ஓடிப்போன மனிதருக்கு அந்த அரிசியில்தான் அம்மா சோறு போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டில் அப்பளம் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது நானும் தமிழ் டீச்சர். கேள்வியைப் படித்து முடிக்கும்வரை என் மாணவர்களைப் பேனாவைத் தொடவே விடுவதில்லை. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்டில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "இதன் விளைவாக, நான் ஓடிப்போறேன்!"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: "இருப்பினும், வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க!"

வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.