கழுத்துக் கட்டியும் காரண மயக்கமும்

இனி ஆயுள் முழுக்க என் மனைவியிடம் வாதத்தில் தோற்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். காரணம், ஒரு புத்தகம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அந்த மாதம் என் மேஜைக்கு நானூறு பக்க அகராதி ஒன்று வந்தது. அணிகள், பேச்சுக்கலை, தப்பான வாதங்கள் என்று எல்லாவற்றுக்கும் பெயரும் விளக்கமும் போட்டிருந்தார்கள். இருபத்துநாலு வருஷமாக வீட்டில் நான் எதனாலெல்லாம் அடி வாங்கினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வீட்டில் அப்போது ஒரே வாதம்தான். என் வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. எட்டு மாதமாக இருந்தது. என் அண்ணனுக்கும் அதே இடத்தில்தான் வந்தது. டாக்டரிடம் காட்டாமலே ஒரு வருஷம் ஓட்டினான். காட்டியபின் நாற்பது நாள் இருந்தான்.

எனக்குப் பயம். பயம் என்று சொன்னால் மானம் போய்விடும். அதனால் வாதாடினேன்.

"ஏங்க, இன்னைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போலாமா? உங்க அண்ணன் இப்படித்தான் தள்ளிப் போட்டாரு."

"அவசரப் பொதுமைப்படுத்தல்."

"என்னது?"

"ஒருத்தருக்கு நடந்ததை வச்சு எல்லாருக்கும் முடிவு கட்டறது. பக்கம் முப்பத்தொண்ணு."

"கட்டி மலை மாதிரி வளருதுங்க!"

"உயர்வு நவிற்சி."

"சரியான பயந்தாங்கொள்ளி நீங்க."

"ஆளைச் சாடும் வாதம்! கருத்துக்குப் பதில் இல்லேன்னா ஆளைத் திட்டறது."

"ஒண்ணு, இப்பவே போகணும். இல்லேன்னா போய்ச் சேரணும்."

"போலி இருமை. ரெண்டே வழிதான்னு மிரட்டறது. அதோட, செத்துப்போறதைப் 'போய்ச் சேர்றது'ன்னு நாசூக்கா சொன்னே பாரு, அது மங்கல வழக்கு."

அவள் வாயடைத்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத காட்சி. அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டிருப்பேன், அவள் சுடவில்லை.

மறுநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள். "அந்தப் பேரெல்லாம் எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிக்கொடுத்தேன். அளவு வெட்டும் காகிதத்தின் ஓரத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சந்தேகம் வேறு கேட்டாள்.

சனிக்கிழமை காலை, சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்கும் ஒரு கட்டி இருக்குங்க. இடது மார்புல."

"எப்போலேருந்து?"

"அஞ்சு மாசமா."

"கிளம்பு!"

"எதுக்கு? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் ஆயிடுமா?"

"அவசரப் பொதுமைப்படுத்தல்! என்னை வச்சு உனக்கு முடிவு கட்டாதே."

"வலிக்கவே இல்லையே."

"வலி இல்லேன்னா நோய் இல்லேன்னு அர்த்தமா?"

"துணி தைக்கக் குடுப்பாங்களே டீச்சரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, செத்துட்டாங்க. போகாம இருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது காரண மயக்கம்! முன்னாடி நடந்ததெல்லாம் பின்னாடி நடந்ததுக்குக் காரணமாயிடுமா?"

எட்டு மாதமாக நான் கட்டிய வாதங்களை எல்லாம் கால்மணி நேரத்தில் நானே இடித்துத் தள்ளினேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள். பை ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "தைரியமா இரு" என்றேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பதினேழாம் நம்பர், கழுத்துக் கட்டி, உள்ள வாங்க."

"இவர்தான்" என்று என் மனைவி என்னைக் காட்டினாள்.

சுற்றிலும் இருபது பேர். ஓடவும் முடியாது. வாதாடவும் முடியாது. உள்ளே போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஊசி குத்தி எடுத்தார். வெளியே வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம்.

"கெட்டிக்காரிதான் நீ. மார்புல கட்டின்னு என்னமா பொய் சொன்னே!"

"பதினெட்டு" என்றாள் நர்ஸ்.

என் மனைவி எழுந்தாள். "பொய்னு நான் எப்பங்க சொன்னேன்?"

பத்து நாளில் இரண்டு அறிக்கையும் வந்தன. என்னுடையது வெறும் கொழுப்புக் கட்டி. அவளுடையதுதான் புற்றுநோய். ஆபரேஷன் செய்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். முன்பே வந்திருக்கலாம் என்பதையும் சொன்னார், என்னைப் பார்த்து.

வார்டில் அவள் கண் விழித்ததும் கேட்டேன். "அஞ்சு மாசம் ஏன்டி வாயைத் திறக்கலை?"

"நான் முதல்ல படுத்திருந்தா, என்னைப் பார்த்துக்கறதையே சாக்கா சொல்லி உங்க கட்டியைக் காட்ட நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. உங்க அண்ணனை எடுத்துட்டுப் போனதை நானும்தானே பார்த்தேன்."

எனக்கு அழுகைதான் வந்தது.

"போதும், பக்கத்து பெட்டுல பார்க்கறாங்க. பிளாஸ்க்ல வெந்நீர் பிடிச்சுட்டு வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்க்கோடு விறுவிறுவென்று வாசல்வரை போனேன். வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று அவளிடமே கேட்கத் திரும்பி வந்தேன்.