ஒரு கை உப்பு

"மூணு நாளா பொங்கல் கரிச்சிக்கினே இருக்குது, சாமி" என்றார் தர்மகர்த்தா. "இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். அப்புறம் தளிகைக்கு வேற ஆளைத்தான் போடணும்."

எழுபத்தேழாம் வருஷத்திலிருந்து அந்தச் சின்னப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பது பாச்சாவின் கைதான். பெருமாளுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது, உப்பெல்லாம் கைக்கணக்கு. கணக்கு தப்பாது. அப்படியென்றால் போட்டதை மறந்து மறுபடி போடுகிறோம். அவருடைய அப்பா கடைசியில் சொந்தப் பெயரையே மறந்துவிட்டுப் போனவர்.

வீட்டில் மனைவி நாமகிரி பேப்பரைப் படித்துக் காட்டினாள். "பசிச்சா வயித்துல ஏதோ சுரக்கறதாம்னா. அது மறதி வராம மூளையைக் காப்பாத்தினாலும் காப்பாத்துமாம். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கா."

"எலிக்கு மறதி வந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் பாச்சா. ஆனால் அன்றே சாப்பாட்டை நிறுத்தினார்.

புருஷன் பட்டினி கிடக்கும்போது நாமகிரிக்கும் சோறு இறங்கவில்லை. "போகட்டும், என் மூளைக்கும் நல்லதுதானே" என்று பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பாதிக் கை உப்புத்தான் போட்டார். அப்போதும் கரித்தது.

அதற்கடுத்த நாள் பசியில் நிற்கவே முடியவில்லை. உப்பு ஜாடிப் பக்கமே அவர் போகவில்லை. நைவேத்தியம் முடிந்து, பொங்கலைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். உப்பு கச்சிதமாக இருந்தது.

பாவம், அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். போடாத உப்பு எப்படி வரும்? போட்டதையும் மறந்து, போடவில்லை என்று பொய்யாக ஒரு ஞாபகமும் வந்தாயிற்று. இனி அப்பா போன வழிதான்.

மடைப்பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பூவராகவன் குடத்தை இறக்கிவிட்டு ஓடிவந்தார். "எதுக்கு மாமா அழறேள்? உப்பு நான் போட்டேன். அஞ்சு நாளா நான்தானே போடறேன்."

போன உயிர் திரும்பி வந்தது பாச்சாவுக்கு. மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. கூடவே ரெண்டு நாள் பசியும் கோபமும் சேர்ந்து வந்தன.

"படுபாவி, வீட்டுல அவளையும் சேர்த்துப் பட்டினி போட்டுட்டியே. உப்புல கை வைக்க உனக்கு யார் சொன்னா?"

பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கதான் மாமா. 'எனக்கு மறந்து மறந்து போறது, இனிமே உப்பை நீ போடு, யார்கிட்டயும் சொல்லாதே'ன்னேள். நேத்தும் இதையேதான் கேட்டேள்."