உழவு மெசினும் விவசாய சேரும்

கரும்பலகையில் எதையும் ஓட்டலாம். நான் உழவு மெசினை அங்கேதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்ணச் சோக்கால் கீறி, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். (கீறினது பன்றி மாதிரி இருந்ததாலும் இருக்கலாம்.)

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பி மீள்குடியேறிய காலம். அடம்பன் பக்கத்தில் தகரக்கூரை போட்ட பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகள் முகாமிலிருந்து வந்தவர்கள். விவசாயம் ஒரு பாடம்; அதற்கு வாத்தியார் நான், பிள்ளைகளுக்கு 'சேர்'. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு மண்வெட்டிகூட இல்லை. பள்ளிக்கூட அதிபராக இருந்த கன்னியாஸ்திரி, சிஸ்டர், ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கியதில், அந்தப் பாடத்துக்கென்று அரசாங்கக் காசில் இரண்டு சக்கர உழவு மெசின் ஒன்று வந்தது. கையளிக்கக் கல்விப் பணிப்பாளர் வருவதாக ஏற்பாடு. அவர் திருப்திப்பட்டால் கிணற்றுக்கும் வேலிக்கும் காசு கிடைக்கும்.

மெசின் ஓட்டத் தெரியுமா என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

"என்ன சிஸ்டர், அதைப் படிப்பிக்கிறவனே நான்தானே" என்றேன்.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையோடு போய் நின்றேன். (உழுவதற்கு.) பந்தலுக்குள் பணிப்பாளரும் பெற்றோரும். ஓரத்து மேசையில் மனையியல் ரீச்சர் சமைத்த நண்டுக்கறி. மெசினைக் கொண்டுவந்தவர் அதை இயக்கி என் கையில் தந்துவிட்டு விலகினார். அது புறப்பட்டது, என்னையும் இழுத்துக்கொண்டு.

இடப்பக்கப் பிடியை அமத்தினால் மெசின் இடப்பக்கம் திரும்பும். நானே பலகையில் எழுதியதுதான். ஆனால் பயத்தில் இடக்கை இறுகிவிட்டது. மெசின் திரும்பியது. அதைக் கண்டு இன்னும் இறுக்கினேன். வட்டமடிக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு வட்டமும் பந்தலுக்குக் கிட்டக் கிட்டப் போனது. கையை விடச் சொல்லிப் பிள்ளைகள் கத்தினார்கள். விட்டேன், சேற்றில் குப்புற விழுந்தேன்.

அதன்பிறகுதான் மெசின் நேராகப் போனது. பந்தலில் இருந்தவர்கள் எழும்பி ஓட, அது பந்தல் காலைப் பிடுங்கி, நண்டுக்கறி மேசையைக் கவிழ்த்து, வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது.

நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. சேற்றில் கிடந்த எனக்கு வேலை போகும் என்ற கவலைகூட வரவில்லை. பிள்ளைகளின் கிணற்றை நானே தூர்த்துவிட்டேன் என்ற கவலைதான் வந்தது.

பணிப்பாளர் பந்தல் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தோளில் ஒரு நண்டுக்கால்.

"இவர் ஆர், சிஸ்டர்?"

"எங்கட விவசாய சேர்" என்றார் சிஸ்டர், பூசைக்கு நேரம் சொல்வதுபோல.

பணிப்பாளர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கிணறு, வேலி எல்லாம் செய்யலாம். முதல்ல இவருக்குப் படிப்பிக்கக் காசு ஒதுக்குவம்."

சொன்னபடியே செய்தார். பயிற்சிக்கென்று அரசாங்கப் பண்ணை ஒன்றில் என்னைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். பிறகு கிணறும் வந்தது. அடுத்த மாரிக்குப் பிள்ளைகளே மெசின் பிடித்து உழுதார்கள்.

அந்த மனையியல் ரீச்சரைத்தான் கலியாணம் கட்டினேன். (கறிக்கு நட்டஈடாக என்னை எடுத்துக்கொண்டாள் என்று சொந்தக்காரர் சொல்வார்கள்.) எங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு வேலை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லும் வழக்கமே இல்லை; பணிப்பாளர் அன்று சொன்னதைத்தான் சொல்வோம். போன கிழமை புதிதாக வாங்கிய உடுப்புத் தோய்க்கிற மெசினைக் குழாயோடு நான்தான் பூட்டுவேன் என்று நின்றேன். குசினியில் அடுப்படிவரை வெள்ளம். மகள் வந்து பார்த்தாள், தாயைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காசு ஒதுக்கவேணும்."