முதல் வரியில் குற்றவாளி

நெல்லைத் திருடியவர் பேரமைச்சர் தாண்டவராயர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கண்ணுகளா. மருதங்காடி நாட்டில் அப்படித்தான் சட்டம்.

அந்த நாட்டு அரசர் வில்லாளராயருக்கு மர்மக்கதை என்றால் உயிர். ஆனால் குற்றவாளி யாரென்று அவர் ஊகித்தது ஒருநாளும் பலித்ததில்லை. ஒருமுறை, கொன்றவன் சமையற்காரன்தான் என்று சபை நடுவே அடித்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், செத்தவனே சமையற்காரன். அன்றே ஆணை பிறந்தது: இனி எந்தக் கதையானாலும் குற்றவாளியின் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும்.

கதைக்கு வந்த சட்டம் வழக்குக்கும் வந்தது. முதலில் பெயரைத் தண்டோரா போடுவார்கள், பிறகு விசாரிப்பார்கள். நீதிபதிகளுக்குத் தலைவலி குறைந்தது.

அந்த வருஷம்தான் ஊர்க் களஞ்சியத்து நெல் காணாமல் போனது. காணாமல் என்றால், பட்டப்பகலில் தாண்டவராயரின் வண்டிகள் வரிசையாக வந்து ஏற்றிக்கொண்டு அவருடைய கிடங்குக்குப் போயின. வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களில் பூவாயியும் ஒருத்தி.

யார் பெயரைத் தண்டோரா போடுவது என்று சபை கூடியது. "நல்ல கதையில் யாரும் சந்தேகிக்காத ஆள்தான் குற்றவாளியாக இருப்பான்," என்றார் தாண்டவராயர். ஊரில் யாருமே சந்தேகிக்காத ஆளைத் தேடினார்கள். மாடு முட்டிக் கால் ஒடிந்து கட்டிலே கதியாகக் கிடந்த சடையன் அகப்பட்டான். பூவாயியின் புருஷன். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

பூவாயி நீதிமன்றத்துக்கு ஓடினாள். "ஐயா, அந்த மனுசன் ஒரு சொம்புத் தண்ணி குடிக்கவே நான்தான் எடுத்துக் கொடுக்கணும். நெல்லு போன இடத்தை ஊரே பாத்துச்சே."

தலைமை நீதிபதி காதைப் பொத்திக்கொண்டார். "யார் என்பது தெரிந்துவிட்டதம்மா. கால் ஒடிந்தவன் எப்படிச் செய்தான் என்பதுதான் மிச்சமிருக்கும் சுவாரஸ்யம். குறுக்கே பேசி அதையும் கெடுக்காதே. அது தெரிகிறவரை அவன் உள்ளேதான்."

எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காக வீட்டுக்கு ஒரு படி அரிசி வரி. முதல் குழுவை விசாரிக்க இரண்டாவது குழு வந்தது. அடுப்பு விறகுக்கும் வரி வந்தது. பறந்து போய்த் திருடியிருப்பானோ என்று சடையனைக் கூரையிலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். இன்னொரு காலும் ஒடிந்தது. வழக்கு மேலும் சிக்கலாகிவிட்டதாகக் குழு அறிவித்தது.

இதற்குள் பேரமைச்சர் பதவிக்குத் தேர்தல் வந்தது. கூட்டத்தில் யாரோ நெல்லைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். தாண்டவராயர் மேடையிலிருந்து சிரித்தார். "நான்தான் எடுத்தேன். ஒளித்தா எடுத்தேன்? உங்கள் கண்ணெதிரேதானே?" கூட்டம் கொஞ்சம் யோசித்தது. பிறகு, இவ்வளவு வெளிப்படையான மனிதரா என்று கைதட்டியது.

பூவாயி மறுபடி ஓடினாள். அவரே ஒத்துக்கொண்டாரே என்றாள்.

நீதிபதி பொறுமையாக விளக்கினார். "அவர் விஷயத்தில் யார், எப்படி, எங்கே, எல்லாம் தெரியும். மர்மமே இல்லாத இடத்தில் வழக்கு ஏது? உன் புருஷன் விஷயத்தில்தான் இன்னும் எப்படி என்று தெரியவில்லை."

பூவாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழத்தான் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்தவள், சற்று நேரத்தில் அதை எடுத்து உதறிவிட்டு எழுந்தாள்.

"எப்படின்னு தெரிஞ்சா விட்டுருவீங்களா, சாமி?"

"வழக்கு முடிந்துவிடுமே."

"அப்ப எழுதிக்குங்க. எம் புருஷன் கட்டில்ல கிடந்தபடியே அமைச்சர் சாவியைப் போட்டுப் பூட்டைத் தொறந்தாரு. அமைச்சர் ஆளுங்களை விட்டு அமைச்சர் வண்டியில ஏத்துனாரு. அமைச்சர் கிடங்குல இறக்குனாரு. இன்னிக்கும் அங்கதான் இருக்கு."

நீதிபதி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சாயங்காலமே சடையனைக் கட்டிலோடு கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

"நெல்லு?" என்று கேட்டான் சடையன்.

பூவாயி காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். "அது எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. தெரிஞ்சதைப் போய் யாரு தேடுவா?"

தேர்தலில் யார் ஜெயித்தார் என்றா கேட்கிறீர்கள், கண்ணுகளா? அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு கதை வேண்டுமா?