கொட்டகையில் அலறியவன் நானல்ல

எங்கள் தேவாலயச் சபையில் பயாஸ்கோப் பார்ப்பவருக்கு ஒரு மாதம் திருவிருந்து கிடையாது. இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கமிட்டி அங்கத்தினர் ரசலையன். அதாவது நான். மேசையைத் தட்டித் தட்டி மூன்று முறை வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை வடசேரிக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தேன். பாவத்தை நேரில் பார்க்காமல் கண்டிப்பது எப்படி? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தலையில் துண்டையும் போட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். ஒரு குமாஸ்தா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். அங்கே அவனே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! அதே மூக்கு, அதே மீசை. வந்தவன், "நான்தான் உன் புருஷன்" என்று கெஞ்சுகிறான். பெண்டாட்டி ஏற இறங்கப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறாள். கடைசியில் அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

நாளைக்கு என் வீட்டிலும் ஒருவன் இப்படி வந்து உட்கார்ந்தால்? என் பெயர் போகட்டும், என் பங்கு நெய்மீன்? என்னையறியாமல், "ஏட்டி லீலாபாய்!" என்று அலறிவிட்டேன்.

பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு அப்பாலிருந்து, "இஞ்சதான் இருக்கேன், பயப்படாதீங்க!" என்று ஒரு குரல் வந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன். சந்தையை நாலு சுற்றுச் சுற்றியும் வெட்கம் தணியவில்லை. வீட்டுக்கு வந்தபோது என் மனைவி லீலாபாய் ஒன்றும் அறியாதவளாகச் சோறு பரிமாறினாள்.

திங்கட்கிழமை மீன் பொரித்தபடியே ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டு தேவகனி உங்கள வடசேரிக் கொட்டகையில பாத்தாளாம்."

"என்னையா? அவளுக்கு அங்ஙன என்ன வேல?"

"அவ வேற சபை. தடை உங்களுக்குத்தான். போதகர்ட்ட சொல்லப்போறாளாம்."

போச்சு! கமிட்டி போச்சு, மானம் போச்சு. அந்த நேரத்தில் படம்தான் எனக்குக் கை கொடுத்தது.

"ஏட்டி, அது நானில்ல. ஒரே முகத்தில ரெண்டு பேரு உலகத்தில உண்டு."

"அவன் 'லீலாபாய்'னு அலறுனானாமே. அவனுக்க பெண்டாட்டிக்கும் என் பேருதானா?"

"இருக்கும்! முகம் ஒண்ணுன்னா மத்ததும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

"பாவம் அவ. எப்பிடித்தான் சமாளிக்காளோ!"

நம்பிவிட்டாள்! எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"அவன விடு. பொம்பளையளுக்க பக்கத்தில ஒருத்தி, 'இஞ்சதான் இருக்கேன், பயப்படாதீங்க'ன்னு பதில் சொன்னா பாரு, அந்த வெக்கங்கெட்டவளையில்லா மொதல்ல விசாரிக்கணும்!"

லீலாபாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"தேவகனி அதச் சொல்லல்லியே. அங்ஙன போவாத ஆளுக்கு அது எப்பிடித் தெரியும்?"

பொய் சொன்னதே கேவலம். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்பது அதைவிடக் கேவலம். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"லீலா, போதகர் காதுக்கு மட்டும்..."

"போவாது. தேவகனிய நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஞாயிற்றுக்கிழம அந்தத் தீர்மானத்த நீங்களே வாபஸ் வாங்கணும். அடுத்த வாரம் கொட்டகைக்காரன் படம் மாத்துதானாம்."

"அது உனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"அந்த வெக்கங்கெட்டவ நான்தான். உங்களுக்க விளி எனக்குத் தெரியாதா?"