ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஆண்பிள்ளை தன் அறிவைக் காட்டக் கூடாது. எண்பதுகளில், மலேசியாவின் கிள்ளானில் ஒரு மத்தியானம், இந்த உண்மை எனக்குக் கீழுதட்டின் வழியாகப் புரிந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போயிருந்தோம். பெண்ணின் பெயர் மாலதி. இன்னும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகள் வைத்திருந்தார். அன்று அவருக்கு மாப்பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. கரண்டு கம்பியில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து, பறக்கிற தேனீக்களைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் எழுந்து ஓடுவார், கவட்டை லாஸ்டிக்கில் கல் வைத்து இழுத்து அடிப்பார், குறி தவறும், திரும்பி வந்து உட்காருவார். வடையை என் பக்கம் தள்ளுவார், மறுபடி எழுந்துவிடுவார். அவர் எழும்போதெல்லாம் மரியாதைக்காக நானும் எழுந்தேன். (அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.)

கடைசியில் அவரைச் சமாதானப்படுத்த நானும் பின்பக்கம் போனேன். அம்மா வாசற்படியில் நின்றார். உயிரியல் படித்தவன் அல்லவா, ஆரம்பித்துவிட்டேன். இந்த நேரத்தில் ஆண் தேனீக்கள்தான் அதிகம் வெளியே சுற்றும். உடம்பு பெரிது, கொட்டவும் கொட்டாது, குருவிக்குச் சுகமான சாப்பாடு. அவை தேன் சேர்ப்பதில்லை, பெட்டியைக் காப்பதில்லை, தின்பதோடு சரி. போனால் போகட்டும் என்றேன்.

அவர் லாஸ்டிக்கைத் தாழ்த்தி, முதன்முறையாக என்னை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி இப்ப எங்க வேல செய்றீங்க?"

"எழுதிப் போட்டிருக்கேன் அங்கிள்."

அம்மா இருமினார். பேச்சை உடனே மாற்றியாக வேண்டும். நல்லவேளையாக ஒரு குருவி அலகிலிருந்த தேனீயை நழுவவிட்டது. பாய்ந்து எடுத்தேன்.

"இதப் பாருங்க, ஆண்தான். கொடுக்கே கெடையாது."

ஆணுக்குக் கண் பெரிதாக இருக்கும். அதைக் காட்ட முதலில் எனக்குக் கண் தெரிய வேண்டுமே. (அழகாக இருக்கட்டும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.) தேனீயை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அது பெண்.

உதடு பப்பாளிபோல் வீங்கியது. அப்போதுதான் மாலதி ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கிளம்பும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன். திரும்பும் வழியில் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த இடம் போய்விட்டது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. அப்பா தயங்கினாராம், மாலதிதான் விடாப்பிடியாக நின்றாளாம். கல்யாணமான பிறகு காரணம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"ரொம்ப அமைதியான ஆளுன்னு நெனச்சிட்டேன் லா."