படகு கட்ட வசதியுள்ள பார்கள்

ஆற்றில் ஊதச் சொல்ல ஆளில்லை என்ற மாபெரும் உண்மை, லூர்துபிரகாஷுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரியாங்குப்பம் பாலத்தின் மேல் வைத்து உதித்தது.

போலீஸ்காரர் ஸ்கூட்டரை ஓரங்கட்டச் சொல்லி, கையிலிருந்த கருவியை வாயருகே நீட்டினார். லூர்துபிரகாஷ் ஊதினார். நல்லவேளை, அன்றைக்கு அவர் வயிற்றில் இருந்தது மச்சான் வீட்டு மோர் மட்டும்தான். "போங்க" என்றார் போலீஸ்காரர். "மெர்சி சார், ரொம்ப மெர்சி" என்றார் இவர். அது அவர் சுபாவம். டீ கொடுத்தவனுக்கும் மெர்சி, வழி விட்ட மாட்டுக்கும் மெர்சி. நன்றி சொல்லியே ஐம்பத்திரண்டு வயதை எட்டிப் பிடித்தவர்.

போலீஸ்காரர் அடுத்த வண்டியை மடக்கப் போனதும் இவர் பாலத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தடுப்பு இல்லை, சிக்னல் இல்லை, தொப்பி இல்லை. கரையில் தென்னந்தோப்புக்குள் ஒரு பாரின் பலகை தெரிந்தது. லூர்துபிரகாஷுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அவரிடம் ஒரு படகு இருந்தது.

படகு அவருடைய பெரியப்பா சூசைநாதனுடையது. அவர் மகன்களோடு பிரான்சுக்குப் போனபோது, "லூர்து, இத நீயே வெச்சுக்க" என்று விட்டுவிட்டுப் போனார். ஆறு பேர் உட்காரக்கூடிய பைபர் படகு, பின்னால் சின்ன மோட்டார். நான்கு மாதமாக வீட்டின் பின்பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. லூர்துபிரகாஷ் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள உறவு, காலையில் குளிப்பதோடு முடிந்தது.

அவர் மனைவி வேளாங்கண்ணிக்கோ துணி காயப்போட இடமில்லை.

"என்னாங்க, இந்த மாசம் முடியறதுக்குள்ள இந்தப் படகால வீட்டுக்கு ஒரு உபயோகம்னு காட்டுங்க. இல்லன்னா எங்க அண்ணன் கிட்ட குடுத்துடுவேன்."

"உங்க அண்ணன் இத வெச்சுக்கிட்டு என்னா பண்ணுவாரு?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு."

இப்படி ஒரு கெடு தலைக்கு மேல் தொங்கும்போதுதான் பாலத்தில் ஞானம் பிறந்தது. அன்று ராத்திரியே அவர் அறிவித்தார்.

"கண்ணி, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஆத்துல நண்டு புடிக்கப் போறேன்."

"நீங்களா?"

"ஏன், நண்டுக்கு என்னைப் புடிக்காதா?"

வேளாங்கண்ணி பாயை உதறிப் போட்டாள். "நல்லதுதான், புடிங்க" என்றாள். ஒரு சண்டையில்லை, ஒரு முணுமுணுப்பில்லை. இப்படி ஒரு பெண்டாட்டியைக் கொடுத்த மாதாவுக்கு அவர் அங்கேயே மனசுக்குள் ஒரு மெர்சி சொன்னார்.

மறுநாளே பக்கத்து வீட்டுக் காத்தவராயனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். காத்தவராயன் மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறவர். தாகம் உள்ளவர்.

"அண்ணே, படகுல போய் எறங்கறதுக்கு எல்லா பாரும் சரிப்படாது. கட்டறதுக்கு மரம் வேணும். ஏறி எறங்க படி வேணும்."

"அதுக்குத்தான் மொதல்ல தரை வழியா போய் ஆராய்ச்சி பண்ணணும்" என்றார் லூர்துபிரகாஷ்.

மூன்று ஞாயிறு ஆராய்ச்சி நடந்தது. படகை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் ஒரு மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, இருவரும் காத்தவராயனின் ஆட்டோவில் தவளக்குப்பம் வரைக்கும் ஆற்றங்கரையோரப் பார்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். குடிக்கவில்லை; ஆராய்ச்சியாளர்கள் குடிக்கக் கூடாது என்பது லூர்துபிரகாஷின் கொள்கை. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். கட்டுவதற்குத் தென்னை உண்டா, படி உண்டா, வறுவல் எப்படி, வேளாங்கண்ணிக்குச் சொந்தக்காரர் யாராவது கல்லாவில் இருக்கிறாரா. சில இடங்களுக்குப் பெரிய பெருக்கல் குறி போட்டார். 'தோட்டத்தில் குடும்பத்தோடு உட்காரத் தனி இடம் இருக்கிறது. பெண்கள் வருகிறார்கள். பாத்ரூம் சுத்தம். ஆபத்து.'

நண்டு? அதற்கும் வழி செய்திருந்தார். திரும்பும்போது பெரிய மார்க்கெட்டில் இறங்கி உயிர் நண்டாகப் பார்த்து ஒரு கிலோ வாங்குவார். வாளியில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, சட்டையைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். வேளாங்கண்ணி வாளியை எட்டிப் பார்ப்பாள். "அட, பரவால்லியே!" என்பாள். மிளகு போட்டு வறுப்பாள். அந்த வறுவலைச் சாப்பிடும்போது, உலகத்தில் பொய் சொல்பவர்களை எதற்காகத் திட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை.

மூன்றாம் ஞாயிறு முடிவில் நோட்டில் ஓர் இடம் முதல் பரிசு வாங்கியது. நாராயணசாமி பார். கரையிலேயே தென்னை, ஆறு கல் படி, கூரைக்கொட்டகை, நெத்திலி வறுவல், கல்லாவில் சொந்தக்காரர் யாருமில்லை. அடுத்த ஞாயிறே முதல் பயணம் என்று முடிவானது. காத்தவராயன் பஸ்ஸில் வந்து கரையில் காத்திருப்பது, இவர் ராஜாவாகப் படகில் போய் இறங்குவது.

"கண்ணி, இந்த வாரம் மத்தியானம் மூணு மணிக்கா நண்டுக்குப் போலாம்னு பாக்கறேன்."

வேளாங்கண்ணி காலண்டரைப் பார்த்தாள். "மூணு மணி வேணாங்க. வெயிலு மண்டையப் பொளக்கும். காலைப் பூசை முடிஞ்சதும் ஒம்பதரைக்கெல்லாம் கெளம்பிடுங்க."

"உனக்கு சமையலுக்கு ஒத்தாசை?"

"நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

ஊரில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? தலைக்குத் தொப்பியும், பாட்டிலில் எலுமிச்சைத் தண்ணீரும்கூட எடுத்துவைத்தாள் அந்தப் புண்ணியவதி.

ஒன்பதரைக்கு ஆறு ததும்பிக்கொண்டிருந்தது. மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. பாலத்தின் அடியில் போகும்போது மேலே நின்ற போலீஸ்காரருக்கு அவர் கை காட்டினார். அவரும் பதிலுக்குக் கை காட்டினார். பிறகு முதலாளி மாதிரி ஆற்றை மேலும் கீழும் இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்குகளைப் பார்த்து, பசியையும் தாகத்தையும் நன்றாக வளர்த்துக்கொண்டு, பதினொன்றரை மணிக்கு நாராயணசாமி பாரை நோக்கித் திருப்பினார்.

கரைக்கு முப்பது அடி இருக்கும்போது படகு 'சொத்' என்று நின்றது.

மோட்டாரைத் திருகினார். அது சேற்றைக் கடைந்தது. துடுப்பால் தள்ளினார். துடுப்பு உள்ளே போனது, திரும்பி வர மறுத்தது. என்ன நடக்கிறது என்று அவர் யோசிக்க யோசிக்க, படகைச் சுற்றியிருந்த தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் படகு சேற்றின் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கரையில் காத்தவராயன் கையில் கிளாஸோடு எழுந்து நின்றார்.

"அண்ணே! எறங்கி நடந்து வாங்க!"

லூர்துபிரகாஷ் ஒரு காலை வெளியே வைத்தார். முழங்கால் வரை போனது. காலை மீட்டார். செருப்பை மீட்க முடியவில்லை.

"முடியலடா!"

"பீரு ஜில்லுனு இருக்குண்ணே!"

"இங்க தூக்கிப் போடு!"

"ஒடஞ்சிடும்ணே! நானே குடிச்சிடறேன்!"

ஒரு மணி நேரம் அவர் அந்த வெயிலில், முப்பது அடி தூரத்தில் ஒரு மனிதன் நெத்திலி தின்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதும் பாருங்கள், தொப்பி கொடுத்த மனைவிக்கு மனசார நன்றி சொன்னார்.

அந்த மனைவி ஒரு மணிக்குப் பாருக்குள்ளிருந்து வந்தாள்.

கையில் நாலடுக்குக் கேரியர், தோளில் ஒரு பை. காத்தவராயன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கல்லாவிலிருந்து நாராயணசாமி எழுந்து ஓடிவந்தார்.

"யாரு, கண்ணியா? அந்தோணி மவ கண்ணியா? உங்கப்பா புடிச்ச நண்டு இல்லாம இந்தக் கடையில ஒரு நாள் போனதில்லியே! என்னாம்மா இந்தப் பக்கம்?"

"எங்க ஊட்டுக்காரரு சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டாருண்ணே" என்றாள் வேளாங்கண்ணி, ஆற்றைக் காட்டி.

நாராயணசாமியிடம் ஏதோ வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்ட அவள், படிக்கு நேராக இறங்கவில்லை. இருபது தப்படி தள்ளிப்போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைந்து வளைந்து நடந்து வந்தாள். கணுக்கால்கூட அமிழவில்லை.

"அங்க மணல் திட்டு இருக்குதுங்க. சின்ன வயசுலேர்ந்தே இருக்குது" என்றபடி படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணி... தண்ணி திடீர்னு எங்கியோ போயிடுச்சு."

"அமாவாசை அன்னிக்குக் காலையில ததும்பும், மத்தியானம் வத்தும். அஞ்சு மணிக்குமேல படகு மெதக்கும்."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பதரைக்குக் கெளம்புங்கன்னு சொன்னப்பவே தெரியும்."

லூர்துபிரகாஷ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நண்டும்...?"

"ஆத்து நண்டு கொடுக்குல ரப்பர் பேண்டு போட்டுக்கிட்டா பொறக்குது? மூணு வாரமா சேத்து வெச்சிருக்கேன். முப்பத்தோரு ரப்பர் பேண்டு."

கேரியரைத் திறந்தாள். சோறு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல், ஒரு அடுக்கு நிறைய சேமியா. பிறகு பையிலிருந்து, ஈரத் துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தாள். பீர். மூடியைக்கூட நாராயணசாமியிடமே தளர்த்தி வாங்கி வந்திருந்தாள்.

"ஒண்ணுதான். மூணு வாரம் அலைஞ்சிருக்கீங்க, பாவம்."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. ஏமாற்றியவன் நான், மாட்டிக்கொண்டவன் நான், சோறும் பீரும் கொண்டுவருகிறவள் இவள்! அவர் அன்றைக்கு எத்தனை மெர்சி சொன்னார் என்பதற்கு ஆற்றிலிருந்த கொக்குகள்தான் சாட்சி. கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் இப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை. அவள் அப்பாவின் தோணியைப் பற்றிப் பேசினாள். பத்து வயதில் தனியாகத் தோணி ஓட்டியதைச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆற்றில் கால் வைத்தது இன்றுதான் என்றாள். லூர்துபிரகாஷுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பேச்சுக்கு நடுவில் அவள், அவர் வீட்டில் ஒளித்துவைத்திருந்த அந்த நாற்பது பக்க நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதுல பெருக்கல் குறி போட்டதெல்லாம் என்னா?"

"அது... அவ்வளவு நல்ல எடம் இல்ல."

"குடும்பத்தோட உக்காரலாம், பாத்ரூம் சுத்தம். எங்க கோயில் மாதா சபைப் பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து சாப்பிட ஆறு மாசமா இந்த மாதிரி எடந்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்று நோட்டை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஐந்தேகாலுக்குப் படகு மெல்ல அசைந்து, மிதந்தது. லூர்துபிரகாஷ் மோட்டார் பக்கம் நகர்ந்தார்.

"குடிச்சிருக்கீங்கல்ல? தள்ளுங்க, நான் ஓட்டறேன்."

ஓட்டினாள். சேறு எங்கே, மணல் எங்கே என்று பார்க்காமலே ஓட்டினாள். காற்றில் முடி பறக்க, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஓட்டினாள். லூர்துபிரகாஷ் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பா சூசைநாதன் கொடுத்தது எவ்வளவு பெரிய பரிசு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"கண்ணி, அப்ப படகு வீட்டுக்கு உபயோகம்தானே? ஒங்க அண்ணனுக்குக் குடுக்க மாட்டியே?"

"குடுப்பேனா? அடுத்த ஞாயிறு அஷ்டமி, தண்ணி அவ்வளவா வத்தாது. மாதா சபைக்காரங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க எழுதின எடத்துக்கெல்லாம் போறோம்."

"ஆகா!" லூர்துபிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் தோட்டத்தில் சாப்பிடுவார்கள். படகோட்டி அவள். பாருக்குள் போய் உட்கார்ந்தால் திரும்பும்போது ஊதச் சொல்ல ஒருத்தனும் இல்லை. திட்டம் தானாகவே பலித்துவிட்டது! "எத்தினி மணிக்குக் கெளம்பறோம்?"

வேளாங்கண்ணி பாலத்தடியில் படகை லாகவமாகத் திருப்பினாள்.

"சபையில அஞ்சு பேரு, என்னோட ஆறு. படகு ரொம்பிடுச்சுங்க. நீங்க பின்னாலயே ஸ்கூட்டர்ல வந்துடுங்க."